போட்டோ எடிட்டிங் மென்பொருள்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

"தொடங்குவதற்கு எந்த மென்பொருள் நல்லது?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தப் படத்தை, எதற்காகத் திருத்தப் போகிறீர்கள்? பெரும்பாலும் பதில் வராது. முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. வங்கித் தேர்வு விண்ணப்பத்துக்காகப் படத்தை 50 கேபிக்குள் சுருக்க வேண்டியவருக்கும், தங்கையின் நிச்சயதார்த்தத்தில் எடுத்த நானூறு படங்களுக்கு வெளிச்சம் சரிசெய்ய வேண்டியவருக்கும் ஒரே மென்பொருளைச் சொல்ல முடியாது. முன்னவருக்கு விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் பெயின்ட்டே போதும்.

இந்தக் கேள்வியைத் தாண்டி நேராக போட்டோஷாப்புக்குப் போகிறவர்கள்தான் அதிகம். 1990இல் வெளிவந்து, அச்சுக்கும் வடிவமைப்புக்குமான தொழிற்கருவியாக வளர்ந்த மென்பொருள் அது. படத்தை அடுக்கடுக்காக வைக்கும் லேயர், பகுதிகளை மறைக்கும் மாஸ்க், நிறங்களைப் பிரிக்கும் சேனல் என்று அது விரிக்கும் உலகத்தில், படத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்க வந்தவருக்கு எதைத் தொடுவது என்றே தெரியாது. குருவி தலையில் பனங்காய்.

பொதுவாக இந்த மென்பொருள்கள் இரண்டு குணத்தவை. போட்டோஷாப், கிம்ப், போட்டோபீ போன்றவை ஒரு படத்தை எடுத்து வைத்துக்கொண்டு வெட்டவும் ஒட்டவும், பின்னணியை மாற்றவும், எழுத்துச் சேர்க்கவும் ஏற்றவை. லைட்ரூம், டார்க்டேபிள், ராதெரபி ஆகியவை படத் தொகுப்புகளைக் கையாள்பவை. மண்டபத்தின் மஞ்சள் விளக்கில் எடுத்த ஒரு படத்தின் நிறத்தைச் சரிசெய்து, அதே திருத்தத்தை மற்ற படங்களுக்கும் நகலெடுத்து ஒட்டிவிடலாம். கேமரா பதிவுசெய்த தகவலைச் சுருக்காமல் வைத்திருக்கும் ரா கோப்பாக எடுப்பவர்களுக்கும் இவைதான் சரி. வழக்கமான படக் கோப்பான ஜேபெக் ஒரு நிறத்துக்கு 256 வெளிச்சப் படிகளைத்தான் வைத்துக்கொள்ளும். 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். இருட்டில் விழுந்த முகத்தை மீட்க அந்த வித்தியாசம் உதவும். தனியாக நிறுவிய கிம்ப் ரா கோப்பை நேரடியாகத் திறக்காது. டார்க்டேபிள் அல்லது ராதெரபி உடன் இருக்க வேண்டும். இது தெரியாமல் கிம்ப்பை நிறுவிவிட்டு, "இலவசம் என்றாலே இப்படித்தான்" என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு.

அடுத்தது பணம். போட்டோஷாப்பையும் லைட்ரூமையும் தரும் அடோபி நிறுவனம் 2013இல் சந்தா முறைக்கு மாறியது. மாதத் தொகை சிறிதாகத் தெரியும். ஆனால் மாதாமாதம் செலுத்தும் திட்டம், உண்மையில் ஓராண்டு ஒப்பந்தமாக இருக்கலாம். இடையில் விலகினால் வசூலிக்கப்படும் கட்டணத்தைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று 2024 ஜூனில் அமெரிக்க வணிக ஆணையத்தின் பரிந்துரையில் அந்நாட்டு அரசு அந்த நிறுவனத்தின் மீது வழக்கே தொடுத்தது. சேரும்போதே விலகும் வழியையும் படித்துவிட வேண்டும். சந்தா முடிந்த பிறகும் லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். ஆனால் திருத்தும் பகுதி பூட்டிக்கொள்ளும். இலவசமானதும் நிரந்தரம் இல்லை. பலர் வீட்டுப் படங்களையெல்லாம் அடுக்கி வைத்திருந்த பிகாசாவை கூகுள் 2016இல் நிறுத்திவிட்டது.

பணத்துக்குப் பயந்து, பூட்டை உடைத்துத் திருட்டுத்தனமாகத் தரும் 'கிராக்' பதிப்பைத் தேடுவது அதைவிட மோசம். அந்தப் பொட்டலத்துக்குள் என்ன வருகிறது என்று யாருக்கும் தெரியாது. இலவச மென்பொருளைக்கூட அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்துதான் இறக்க வேண்டும். 2022இல் கூகுள் தேடலில் கிம்ப்பின் உண்மையான முகவரியைக் காட்டிய ஒரு விளம்பரம், சொடுக்கியவர்களைப் போலித் தளத்துக்குக் கொண்டுபோனது. அங்கே கிடைத்தது கடவுச்சொற்களைத் திருடும் நிரல். சில மெகாபைட் மட்டுமே இருந்த அதை, நம்ப வைப்பதற்காக 700 மெகாபைட் அளவுக்கு ஊதிப் பெரிதாக்கியிருந்தார்கள்.

மூலப்படம் என்ன ஆகிறது என்று கவனிக்காமல் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதுதான் என் கணக்கில் பெரிய தவறு. ஒரே ஜேபெக் கோப்பைத் திறந்து, திருத்தி, அதே பெயரில் சேமித்துக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறையும். முதல் படமும் கைவிட்டுப் போகும். லைட்ரூமும் டார்க்டேபிளும் மூலத்தைத் தொடுவதில்லை. செய்த மாற்றங்களைக் குறிப்புகளாகத் தனியே எழுதி வைக்கின்றன. டார்க்டேபிள் அந்தக் குறிப்பைப் படத்துக்குப் பக்கத்திலேயே எக்ஸ்எம்பி என்ற சிறு கோப்பாக வைக்கும். அதைக் குப்பை என்று நினைத்து விட்டுவிட்டு, படத்தை மட்டும் வேறு கணினிக்கு மாற்றினால் திருத்தம் அங்கே வராது. கிம்ப்பில் 'சேவ்' கொடுத்தால் எக்ஸ்சிஎஃப் கோப்புதான் கிடைக்கும். ஜேபெக் வேண்டுமென்றால் 'எக்ஸ்போர்ட்'. புதியவர்களுக்கு எரிச்சலூட்டும் இந்த ஏற்பாடு, லேயர்களைத் தெரியாமல் தொலைத்துவிடாமல் காப்பாற்றுகிறது.

படத்தின் மேல் பெயரோ வாழ்த்தோ எழுதப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வாங்குவதற்கு முன் "கோகிலா" என்று யூனிகோடில் தட்டிப் பாருங்கள். இரட்டைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நின்றால் சரி. அது பின்னால் போய், புள்ளி வட்டம் ஒன்றும் ஒட்டிக்கொண்டால், அந்த மென்பொருளுக்குத் தமிழ் கோக்கத் தெரியவில்லை அல்லது அமைப்பு சரியில்லை. சந்தா முறையில் வரும் போட்டோஷாப் சிசியின் பல பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து வசதியை விருப்பங்களில் தேர்ந்தெடுத்த பிறகே தமிழ் ஒழுங்காக வரும். ஸ்டூடியோக்களிலும் பிளக்ஸ் கடைகளிலும் யூனிகோட் அல்லாத பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் புழங்குவதற்கு இந்தத் தொல்லையும் ஒரு காரணம். கிம்ப்பில் நல்ல யூனிகோட் எழுத்துரு இருந்தால் போதும்.

பின்னணியை நொடியில் நீக்கித் தரும் இலவச இணையதளங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவசரத்துக்கு உதவும், ஆனால் பல தளங்கள் இலவசமாகத் திருப்பித் தருவது சிறிய படம்தான். 4x6 அங்குலப் பிரிண்ட் தெளிவாக வர 1800x1200 பிக்சல் வேண்டும். குடும்பப் படங்களை யாருடைய சர்வரிலோ ஏற்றுகிறோம் என்பதும் நினைவிருக்கட்டும். போட்டோபீ பிரௌசரில் ஓடினாலும் படத்தை நம் கணினியிலேயே வைத்துத்தான் திருத்துகிறது.

கற்றுக்கொள்ள வீடியோ பார்ப்பவர்கள் பதிப்பு எண்ணைப் பார்த்துக்கொள்வது நல்லது. கிம்ப் 3.0 வெளிவந்தது 2025 மார்ச்சில். அதற்கு முன் எடுத்த பாடங்கள் பெரும்பாலும் 2.10 பதிப்பை வைத்தவை. மெனுவில் சில இடம் மாறியிருக்கும்.