கொங்கு நாட்டுக் கல்யாணத்துக்கு முதல்முறை போகிறீர்களா? முந்தின நாளே போய்விடுங்கள்

காங்கேயம், தாராபுரம், பெருந்துறைப் பக்கம் ஒரு கொங்கு வேளாளர் வீட்டுக் கல்யாணத்துக்கு உங்களை அழைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வெளியூர் நண்பர்கள் பலர் முகூர்த்தத்துக்கு வந்து, அட்சதை போட்டு, சாப்பிட்டதும் பஸ் ஏறிவிடுகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் திரும்பினேன். முந்தின இரவைத் தவறவிட்டது பெரிய இழப்பு என்று அடுத்த கல்யாணத்தில்தான் தெரிந்தது.

1. அழைப்பிதழைப் பாருங்கள்

முகூர்த்தம் பெரும்பாலும் விடியற்காலையில் இருக்கும். வைகாசி, ஆவணி, தை மாதங்களில் சிற்றூர் லாட்ஜ்களில் இடம் கிடைப்பது கடினம். தங்குவதற்கு வழி உண்டா என்று அழைத்தவரிடமே கேளுங்கள். கூச்சம் வேண்டாம், கேட்டால் மகிழ்வார்கள்.

2. வாசலில்

சந்தனம், குங்குமம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் கைகூப்பி "வாங்க" என்பார்கள். நீங்களும் கைகூப்பினால் போதும். அடுத்த கேள்வி "எந்த ஊருங்க?" என்பதாக இருக்கும். உங்களை யார் வீட்டு ஆள் என்று தங்கள் மனத்தில் ஓரிடத்தில் உட்கார வைப்பதற்காகவே கேட்கிறார்கள். ஊரையும், பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்பதையும் சொல்லுங்கள்.

3. இரவுச் சீர்கள்

விருந்து முடிந்ததும் அறைக்குப் போய்விடாதீர்கள். மேடைக்கு அருகில் நாற்காலி பிடியுங்கள். சீர்கள் எனப்படும் இந்தச் சடங்குகளை நடத்துபவர்கள் அருமைக்காரர், அருமைக்காரி எனப்படும் மூத்த தம்பதியர். புரோகிதரை அழைக்கும் வீடுகளிலும் பல சீர்கள் இவர்கள் கையில்தான் இருக்கின்றன.

தவறவிடக்கூடாதது இணைச்சீர். இது மாப்பிள்ளைக்கும் அவருடைய உடன்பிறந்தாளுக்கும் உரியது. உடன்பிறந்தவள் இல்லையென்றால், சித்தப்பா பெரியப்பா மகள் வந்து நிற்பாள். மணப்பெண்ணுக்கான கூறைப்புடவை இருவரையும் இணைக்கும். ஒரு புதுப் பெண் வீட்டுக்குள் வருவதற்கு முன், பிறந்தவளின் உரிமை குறையாது என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லும் சடங்கு அது. நான் பார்த்த கல்யாணத்தில் அக்காவின் கண் நிறைந்திருந்தது, தம்பி நிமிர்ந்து பார்க்கவே இல்லை. தாலி கட்டும் நேரத்தைவிட என்னை அதிகம் அசைத்தது அந்தக் காட்சி.

இடையில் எழுந்து மறைத்துக்கொண்டு படம் எடுக்க வேண்டாம். புரியாததைப் பக்கத்தில் இருக்கும் ஒரு பாட்டியிடம் மெல்லக் கேளுங்கள். அவரைவிட நல்ல ஆசிரியர் கிடைக்கமாட்டார்.

4. விடியற்காலை

அரைமணி நேரம் முன்பே உட்காருங்கள். தாலி கட்டியதும் கூட்டம் பந்திக்கு விரையும். நீங்கள் இருங்கள். மங்கல வாழ்த்து பாடப்படும். கம்பர் பாடிக் கொடுத்ததாக வழிவழியாகச் சொல்லப்படும் இந்த வாழ்த்தைப் பாடும் உரிமை குடிமகன் எனப்படும் நாவிதருக்கு உரியது. அடி முடியும் இடத்தில் மேளம் ஒரு தட்டுத் தட்டும். இன்று பல மண்டபங்களில் இதைச் சுருக்கிவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தமே. முழுதாகப் பாடும் வீடு அமைந்தால் அசையாமல் கேளுங்கள்.

5. பந்தி

சைவச் சாப்பாடுதான். இலையின் நுனி உங்கள் இடப்பக்கம் இருக்கட்டும். முடித்ததும் இலையை உங்கள் பக்கமாக மடியுங்கள்.

6. மொய்

நோட்டும் பேனாவுமாக ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். பெயர், ஊர், தொகை மூன்றையும் நிதானமாகச் சொல்லுங்கள். 501, 1,001 என்று ஒரு ரூபாய் சேர்த்து வைப்பது வழக்கம். அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருந்து, உங்கள் வீட்டு விசேஷத்தின்போது எடுத்துப் பார்த்துத் திருப்பிச் செய்வார்கள். அதனால் ஊர்ப்பெயர் விடுபடக்கூடாது. "அன்பளிப்பைத் தவிர்க்கவும்" என்று அழைப்பிதழில் இருந்தால் வற்புறுத்த வேண்டாம்.

தேங்காயும் வெற்றிலை பாக்கும் உள்ள தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு, அழைத்தவரைத் தேடிப்பிடித்து "போய் வருகிறேன்" என்று சொல்லுங்கள். "போகிறேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.