லீஸ் ஆப்ஷன் வீடு: சாவி வாங்கும் நாளில் கொடுக்கும் பணத்தைக் கையாளும் முறை

அமெரிக்காவில் லீஸ் ஆப்ஷன் முறையில், அதாவது முதலில் வாடகைக்குக் குடியிருந்து, பின்னர் விரும்பினால் குறித்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையோடு வீடு எடுப்பவர், சாவி வாங்கும் நாளிலேயே பெரிய தொகை ஒன்றைக் கொடுத்துவிடுகிறார். வழக்கு வந்தாலும் சரி, வங்கிக் கடன் மறுக்கப்பட்டாலும் சரி, வரியில் சிக்கல் எழுந்தாலும் சரி, வேர் பெரும்பாலும் அந்த ஒரு நாளில்தான் இருக்கும். மொத்தமாக ஒரு காசோலை, அதற்கு 'அட்வான்ஸ்' என்று ஒரு ரசீது. இரண்டு வருடம் கழித்து அதில் எது வாடகை, எது டெபாசிட், எது வீட்டு விலையில் கழிய வேண்டியது என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

அந்தப் பணத்தில் குறைந்தது மூன்று தனித்தனிப் பணங்கள் உள்ளன. ஒன்று ஆப்ஷன் கட்டணம். குறித்த விலைக்கு, குறித்த காலத்துக்குள் வீட்டை வாங்கும் உரிமைக்கான விலை அது. பொதுவாக வீட்டு விலையில் 1 முதல் 5 சதவீதம் வரை இருக்கும். வாங்காமல் போனால் திரும்பாது. இரண்டாவது செக்யூரிட்டி டெபாசிட். வீட்டுக்குச் சேதமோ வாடகை பாக்கியோ இல்லையென்றால் இது திரும்ப வந்தாக வேண்டும். மூன்றாவது முதல் மாத வாடகை. இதில் ஒரு பகுதியை விலையில் கழிப்பதாக ஒப்புக்கொண்டிருந்தால், அந்தப் பகுதிக்கு ரென்ட் கிரெடிட் என்று பெயர்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். வீட்டு விலை 3,20,000 டாலர். ஆப்ஷன் காலம் 24 மாதம். ஆப்ஷன் கட்டணம் 3 சதவீதம், அதாவது 9,600 டாலர். மாத வாடகை 2,350, டெபாசிட்டும் அதே 2,350. முதல் நாள் கொடுப்பது மொத்தம் 14,300 டாலர். மாதம் 300 டாலர் ரென்ட் கிரெடிட் என்றால், 24 மாதத்தில் 7,200. கடைசியில் வாங்கும்போது செலுத்த வேண்டியது 3,20,000-இலிருந்து 9,600-உம் 7,200-உம் போக 3,03,200 டாலர். டெபாசிட் இந்தக் கணக்கில் சேராது. அதைத் தனியாகத் திருப்பித் தரலாம், அல்லது இருவரும் எழுதி ஒப்புக்கொண்டு க்ளோசிங்கில் (விற்பனை முடிந்து வீடு கைமாறும் நாளில்) வரவு வைக்கலாம்.

இந்த 14,300-ஐ ஒரே காசோலையாகக் கொடுக்காதீர்கள். மூன்று தொகை, மூன்று காசோலை அல்லது மூன்று வயர் (வங்கிக் கணக்கிலிருந்து நேரடிப் பரிமாற்றம்), மூன்று ரசீது. ரசீதில் தொகை, தேதி, வீட்டு முகவரி, எந்த ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி கொடுக்கப்பட்டது என்பது இருக்க வேண்டும். "ஆப்ஷன் ஒப்பந்தம் பிரிவு 2-இன்படி ஆப்ஷன் கட்டணம் 9,600 டாலர், வாங்கும்போது விலையில் முழுவதும் கழிக்கப்படும்" என்ற பொருளில் ஒரே ஒரு வரி போதும். ரொக்கமாகக் கொடுக்கவே கூடாது. பின்னாளில் கடன் தரும் வங்கி, வங்கிக் கணக்கிலிருந்து பணம் போனதற்கான தடயத்தைத்தான் கேட்கும். கையெழுத்துப் போட்ட ரசீது மட்டும் இருந்தால் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள்.

ஒப்பந்தமும் இரண்டாக இருப்பது நல்லது: வாடகை ஒப்பந்தம் ஒன்று, ஆப்ஷன் ஒப்பந்தம் ஒன்று. காரணம் நடைமுறை சார்ந்தது. பல மாநிலங்களில் செக்யூரிட்டி டெபாசிட்டுக்கு உச்சவரம்பு உண்டு. கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல் பொதுவாக ஒரு மாத வாடகைதான் வரம்பு. சில சிறு உரிமையாளர்களுக்கு மட்டும் இரண்டு மாதம். வாடகைதாரர் காலி செய்தபின் 21 நாளுக்குள் மீதித் தொகையும் பிடித்தங்களின் கணக்கும் போய்ச் சேர வேண்டும். ஆப்ஷன் கட்டணத்தை வாடகை ஒப்பந்தத்துக்குள்ளேயே 'திரும்பாத டெபாசிட்' என்று எழுதிவிட்டால், அதுவும் டெபாசிட்தான் என்று வாடகைதாரர் வாதிட வழி திறக்கிறது. உரிமையாளர் வரம்பு மீறியவர் ஆகிறார். அதே கலவை வாங்குபவரையும் கடிக்கும். இது வாடகை சார்ந்த பணம்தானே, விலையில் ஏன் கழிக்க வேண்டும் என்று உரிமையாளர் மறுக்கலாம்.

அதற்காக இரண்டாகப் பிரித்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைத்துவிட வேண்டாம். டெக்ஸாஸில் வீட்டு வாடகையோடு சேர்த்துக் கையெழுத்தாகும் ஆப்ஷனைச் சட்டம் எக்ஸிக்யூட்டரி கான்ட்ராக்ட் (இன்னும் நிறைவேறாத விற்பனை ஒப்பந்தம்) வகையில் வைத்து, விற்பவர் மீது கூடுதல் கடமைகளைச் சுமத்துகிறது. எனவே அந்தந்த மாநில ரியல் எஸ்டேட் வழக்கறிஞர் ஒருவர் கையெழுத்துக்கு முன் தாள்களைப் படிக்கட்டும். இந்தச் செலவில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

அடுத்தது வரிசை. பணம் எப்போது நகர வேண்டும் என்பதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். முதலில் டைட்டில் தேடல், அதாவது வீட்டின் உரிமைப் பதிவுகளைச் சரிபார்ப்பது. வீடு யார் பெயரில் இருக்கிறது, எத்தனை அடமானம், வரி பாக்கி, வழக்கு, வேலை செய்த ஒப்பந்ததாரருக்குக் கூலி பாக்கியால் வீட்டின் மேல் விழுந்த பற்று எதுவும் உண்டா என்று டைட்டில் கம்பெனி அறிக்கை தரும். அதோடு உரிமையாளரின் வீட்டுக் கடன் அறிக்கையையும் வாங்கிப் பாருங்கள். 3,20,000 டாலர் வீட்டின் மேல் 3,35,000 டாலர் கடன் இருந்தால், நீங்கள் முழுப் பணம் கட்டினாலும் அவரால் கடனை அடைத்துப் பத்திரம் தர முடியாது. இரண்டாவது, வீட்டு இன்ஸ்பெக்‌ஷன். மூன்றாவது, சுயேச்சையான மதிப்பீட்டாளரிடம் விலையும் சந்தை வாடகையும் எழுத்தில். இந்த மூன்றுக்கும் ஆகும் கட்டணங்களை யார் தருவது என்பதையும் முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். வழக்கமாக இன்ஸ்பெக்‌ஷனும் மதிப்பீடும் வாங்குபவர் கையிலிருந்து போகும்.

இவை முடிந்தபின்தான் ஆப்ஷன் கட்டணம். அதையும் நேரே உரிமையாளர் கணக்குக்கு அனுப்பாமல் டைட்டில் கம்பெனியின் எஸ்க்ரோ கணக்குக்கு (நிபந்தனை நிறைவேறும் வரை நடுவர் பணத்தை வைத்திருக்கும் கணக்கு) அனுப்புங்கள். வயர் அனுப்பும் முன், மின்னஞ்சலில் வந்த கணக்கு எண்ணை நம்பாமல், நீங்களே தேடி எடுத்த தொலைபேசி எண்ணில் அழைத்து எண்ணை வாய்விட்டுச் சரிபாருங்கள். நடுவில் புகுந்து கணக்கு எண்ணை மாற்றி அனுப்பும் மோசடியில் போன பணத்தை மீட்பது மிகக் கடினம்.

எஸ்க்ரோவிலிருந்து பணம் விடுபட வேண்டிய நிபந்தனை ஒன்றே ஒன்று: ஆப்ஷன் மெமோரண்டம் நோட்டரி முன் கையெழுத்தாகி, கவுண்டி ரெக்கார்டர் அலுவலகத்தில் (அந்த மாவட்டத்தின் பத்திரப் பதிவு அலுவலகம்) பதிவாகியிருக்க வேண்டும். அது ஓரிரண்டு பக்கத் தாள்தான். விலையைக்கூட அதில் சொல்ல வேண்டியதில்லை. இந்த வீட்டின் மேல் இன்னாருக்கு இன்ன தேதி வரை வாங்கும் உரிமை உண்டு என்பதை ஊருக்கு அறிவிக்கிறது, அவ்வளவே. அது பதிவாகாத நிலையில் உரிமையாளர் வேறொருவருக்கு விற்றுவிட்டாலோ, வீட்டின் மேல் புதுக் கடன் வாங்கிவிட்டாலோ, உங்கள் 9,600 டாலருக்கு அவருடைய வாக்குறுதி மட்டுமே பிடிமானம்.

ஆப்ஷன் கட்டணம் 'திரும்பாது' என்பதன் எல்லையையும் எழுத வேண்டும். வாங்குபவர் மனம் மாறினால், அவருக்குக் கடன் கிடைக்காவிட்டால், திரும்பாது. அது நியாயமே, வீட்டை இத்தனை மாதம் பிறருக்கு விற்காமல் வைத்திருந்ததற்கான விலை அது. ஆனால் விற்பவரால் சுத்தமான டைட்டில் தர முடியாவிட்டால், கடன் கட்டாததால் வீடு ஃபோர்குளோஷருக்கு (கடன் கொடுத்தவர் வீட்டை எடுத்து விற்கும் நடைமுறை) போனால், தீ அல்லது வெள்ளத்தில் அழிந்தால், அவரே விற்க மறுத்தால், கட்டணமும் சேர்ந்த ரென்ட் கிரெடிட்டும் இத்தனை நாளுக்குள் திரும்ப வேண்டும் என்று பிரிவு வையுங்கள்.

அந்தப் பட்டியலில் பலர் விட்டுவிடுவது ட்யூ ஆன் சேல். வீட்டுக் கடன் பத்திரங்களில் பெரும்பாலும், வீட்டின் உரிமை கைமாறினால் முழுக் கடனையும் உடனே கேட்கலாம் என்ற பிரிவு இருக்கும். 1982-ஆம் ஆண்டு கார்ன் - செயின்ட் ஜெர்மெயின் சட்டம், மூன்று வருடமோ குறைவாகவோ வாடகைக்கு விடுவதற்கு அந்தப் பிரிவிலிருந்து பாதுகாப்பு தருகிறது. ஆனால் வாங்கும் ஆப்ஷன் இல்லாத வாடகைக்கு மட்டும்தான். ஆப்ஷன் சேர்ந்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. தவணை ஒழுங்காக வரும்வரை வங்கி கண்டுகொள்ளாமல் இருக்கலாம், ஆனால் அதை நம்பி 9,600 டாலரை வைக்க முடியாது. உரிமையாளர் வங்கியிடம் எழுத்தில் சம்மதம் வாங்கட்டும். முடியாதென்றால், வங்கி முழுக் கடனைக் கேட்டால் ஆப்ஷன் பணம் திரும்பும் என்ற பிரிவாவது இருக்கட்டும். மாத வாடகையைச் சர்வீசிங் கம்பெனி ஒன்று வாங்கி, அதிலிருந்து நேராக உரிமையாளரின் கடன் தவணையைக் கட்டிவிட்டு மீதியை அவருக்குத் தரும்படி ஏற்பாடு செய்தால் இன்னும் நிம்மதி. மாதாமாதம் வாடகை கொடுத்தும் உரிமையாளர் தவணை கட்டாமல் வீடு ஏலத்துக்குப் போவதை இது தடுக்கும்.

ரென்ட் கிரெடிட் பார்க்க எளிது, கணக்கில்தான் சறுக்கும். வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிப்படி, டவுன் பேமென்ட்டாக (வாங்குபவர் கையிலிருந்து போடும் முன்பணம்) எண்ணப்படுவது நீங்கள் கட்டிய வாடகைக்கும் சந்தை வாடகைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். சந்தை வாடகையைச் சொல்பவர் மதிப்பீட்டாளர். நம் உதாரணத்தில் சந்தை வாடகை 2,050 என்றால், 2,350-இல் 300 டாலர் செல்லும். உரிமையாளர் தாராளமாக 500 டாலர் கிரெடிட் என்று எழுதியிருந்தாலும் வங்கி 300-ஐத்தான் எண்ணும். சந்தை வாடகையே 2,350 என்று அறிக்கை வந்தால், வங்கியின் கண்ணில் உங்கள் கிரெடிட் பூஜ்யம். இதனால்தான் சந்தை வாடகையை முதல் நாளே மதிப்பிட்டுக்கொள்ளச் சொன்னோம். குறைந்தது 12 மாதக் கால ஒப்பந்தமும், கடைசி 12 மாத வாடகை கட்டியதற்கான காசோலைப் பிரதிகளும் கேட்பார்கள். ஒரு மாதத்தையும் ரொக்கமாகக் கட்டிவிடாதீர்கள்.

ஒப்பந்தத்தில் தாமத வாடகைப் பிரிவைப் பொறுமையாகப் படியுங்கள். ஒரு மாதம் தாமதித்தால் அந்த மாதக் கிரெடிட் போகும் என்றால் ஏற்கலாம். ஒரே ஒரு தாமதத்துக்கு ஆப்ஷனே ரத்து, கட்டணமும் போச்சு என்றிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எழுத்தில் நோட்டீஸ் தந்து, சரிசெய்ய 10 நாளாவது அவகாசம் கேளுங்கள்.

விற்பவருக்கு ஒரு எச்சரிக்கை. ஆப்ஷன் கட்டணத்தை 10 சதவீதத்துக்கு ஏற்றி, வாடகையில் பெரும்பகுதியைக் கிரெடிட் ஆக்கி, ரிப்பேரையும் வீட்டு வரியையும் குடியிருப்பவர் தலையில் கட்டினால், இது வாடகையே அல்ல, மறைமுக விற்பனை என்று நீதிமன்றம் சொல்ல இடமுண்டு. அப்படியானால் குடியிருப்பவரை வெளியேற்ற, வாடகைதாரரைக் காலி செய்ய வைக்கும் சாதாரண எவிக்‌ஷன் வழக்கு போதாது. மாதக்கணக்கில் இழுக்கும் ஃபோர்குளோஷர் நடைமுறை வரலாம்.

இடைத்தரகர் பிரச்சினை தனி. சில நேரம் உங்களிடம் ஆப்ஷன் பணம் வாங்குபவர் உரிமையாளரே அல்ல. உரிமையாளரிடம் லீஸ் ஆப்ஷன் எடுத்து உங்களுக்கு உள்வாடகைக்கு விடுபவர். இதற்கு சாண்ட்விச் லீஸ் என்று பெயர். அவர் உரிமையாளருக்குத் தவணை தவறினால் அவருடைய உரிமையோடு உங்களுடையதும் போய்விடும். உரிமையாளரோடு அவர் போட்ட ஒப்பந்தத்தின் நகலும், தவறு நேர்ந்தால் உங்களுக்கும் நோட்டீஸ் தருவதாக உரிமையாளரின் கையெழுத்தும் இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம்.

வரியில் மூன்று பணமும் மூன்று வழி போகின்றன. ஆப்ஷன் கட்டணம் வாங்கிய வருடத்தில் விற்பவருக்குப் பொதுவாக வருமானம் ஆகாது. வீடு விற்றால் விற்பனை விலையில் சேரும், ஆப்ஷன் காலாவதியானால் அந்த வருடத்தின் சாதாரண வருமானம். வாடகை, கிரெடிட் பகுதியும் சேர்த்து, வாங்கிய வருடத்திலேயே வாடகை வருமானம். திருப்பித் தர வேண்டிய டெபாசிட் வருமானமல்ல. ஆனால் அதையே 'கடைசி மாத வாடகை' என்று எழுதிவிட்டால் முன்கூட்டி வாங்கிய வாடகையாகி, அந்த வருடமே வரிக்குள் வந்துவிடும். வாங்குபவருக்கு ஆப்ஷன் கட்டணம் வீட்டின் அடக்க விலையில் சேரும். குடியிருக்க எடுத்த வீட்டை வாங்காமல் விட்டால் அதை நஷ்டமாகக் கழிக்க முடியாது.

வாங்க முடிவு செய்ததும், ஒப்பந்தம் சொல்லும் வழியிலேயே நோட்டீஸ் அனுப்புங்கள். பதிவுத் தபால் என்றிருந்தால் குறுஞ்செய்தி போதாது. 60 நாள் முன் என்றிருந்தால் 59-ஆம் நாள் தாமதம்தான். கடன் இழுத்தால் காலநீட்டிப்புக்கு எவ்வளவு, அதுவும் விலையில் கழியுமா என்பதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். கடைசி வாரத்தில் கேட்டால் விற்பவர் சொன்னதுதான் விலை. க்ளோசிங்குக்குக் குறைந்தது மூன்று வேலை நாள் முன் வரும் க்ளோசிங் டிஸ்க்ளோஷரில் (கடன், செலவு, வரவு எல்லாம் காட்டும் இறுதிக் கணக்குத் தாள்) 9,600-உம் 7,200-உம் தனித்தனி வரியாக வரவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கையெழுத்துக்கு முன்பே, அந்த ரசீதுகளோடு டைட்டில் கம்பெனியிடம் போங்கள்.