எர்த் லீக்கேஜ் அடிக்கடி டிரிப் ஆகிறதா? கடையில் கோளாறைத் தேடும் முறை

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் என்று எங்கே கடை வைத்திருந்தாலும் இது பழகிய தொல்லைதான்: நல்ல மழை பிடித்தால் எர்த் லீக்கேஜ் (கரண்ட் கசிந்தால் இணைப்பை வெட்டும் பாதுகாப்பு சுவிட்ச்) டிரிப் ஆகி, ஃப்ரிட்ஜ், கல்லா மெஷின் எல்லாம் நின்றுவிடும். அந்த அவசரத்தில் சுவிட்சைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள், தயவுசெய்து. லைவ் வயரில் போகும் கரண்ட் முழுவதும் நியூட்ரல் வயரில் திரும்ப வேண்டும். அதில் கொஞ்சம் எர்த்துக்கோ ஒரு ஆளின் உடம்புக்கோ போனால், கசிவு 30 மில்லிஆம்பியரைத் தாண்டுவதற்குள் எர்த் லீக்கேஜ் இணைப்பை வெட்டுகிறது. ஓவர்லோட் இதன் வேலை இல்லை, அதற்கு மற்ற பிரேக்கர்கள் இருக்கின்றன.

படி 1: எப்போது டிரிப் ஆகிறது என்று எழுதி வையுங்கள். மழையில் மட்டும் என்றால் வெளி லைட், கடைப் பெயர்ப் போர்டு லைட் மேல் சந்தேகம். கோல்ட் ரூம் டிஃப்ராஸ்ட் ஆகும் (பனிக்கட்டியை உருக்கும்) நேரத்தில் என்றால் அதன் ஹீட்டர்.

படி 2: எல்லா பிளக்கையும் சுவரிலிருந்து கழற்றுங்கள், சுவிட்சை அணைப்பது போதாது. எர்த் லீக்கேஜைத் தூக்குங்கள். நிற்கிறதா? சரி, ஒவ்வொன்றாகச் சொருகி ஓட விடுங்கள். தண்ணீரும் சூடும் சேர்ந்த கெட்டில், அர்ன் (வெந்நீர்ப் பாத்திரம்) போன்றவற்றைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

படி 3: எதுவும் சொருகாமலே டிரிப் ஆனால் கோளாறு வயரிங்கிலோ நிரந்தரமாக இணைத்த மெஷினிலோ இருக்கிறது. சின்ன பிரேக்கர்களை எல்லாம் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான், ஏனென்றால் ஒற்றைப் போல் பிரேக்கர் லைவை மட்டும் வெட்டுகிறது, நியூட்ரல் அப்படியே இணைந்திருக்கும். ஒரு சர்க்யூட்டின் நியூட்ரல் எங்காவது எர்த்தைத் தொட்டிருந்தால் அதன் பிரேக்கர் கீழே இருந்தாலும் டிரிப் ஆகும், வேறு எதையோ ஏற்றும்போது ஆகி, குற்றமில்லாத மெஷின் மேல் பழி விழும். இனி டிபி போர்டை (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டியை) திறக்க வேண்டும், அதை நீங்கள் செய்யக் கூடாது. பதிவு பெற்ற எலக்ட்ரீசியன் மெயினை அணைத்து, நியூட்ரல்களைப் பிரித்து, எலக்ட்ரானிக் சாமான்களைக் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெக்கரால் (வயரின் இன்சுலேஷனை அளக்கும் மீட்டரால்) சோதிப்பார். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டும் சர்க்யூட்தான் குற்றவாளி.

படி 4: எல்லாம் நல்லபடியாக இருந்தும் டிரிப் ஆகிறதா? கம்ப்யூட்டர், கல்லா மெஷின் ஒவ்வொன்றின் உள்ளே இருக்கும் ஃபில்டரும் எர்த்துக்குக் கொஞ்சம் கரண்ட் கசிய விடும், பத்துப் பதினைந்து சேர்ந்தால் கணக்கு ஏறிவிடும். 15 மில்லிஆம்பியருக்கு மேலே போனாலே சாதனம் டிரிப் ஆகலாம். லைவையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடிக்கும் லீக்கேஜ் கிளாம்ப் மீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். சும்மா இருக்கும்போதே 9, 10 மில்லிஆம்பியர் காட்டினால் சர்க்யூட்டுகளை இரண்டு எர்த் லீக்கேஜுக்குப் பிரிப்பதுதான் வழி.

சிலர் எர்த் லீக்கேஜையே பைபாஸ் செய்துவிடுகிறார்கள், அதாவது அது இல்லாமல் நேராக இணைத்துவிடுகிறார்கள். ஹென்றி ரூபின் 1955-இல் இந்த நாட்டுத் தங்கச் சுரங்கங்களில் ஆட்கள் சாகக் கூடாது என்று உருவாக்கத் தொடங்கிய பாதுகாப்பு அது, அதை எடுத்துவிட்டு ஈரத் தரையில் உங்கள் வேலையாட்களை நிற்க வைக்காதீர்கள். பழுது பார்த்ததும் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், வயரிங்கை மாற்றியிருந்தால் புது சிஓசி (வயரிங் விதிப்படி இருக்கிறது என்ற சான்றிதழ்) கேட்டு வாங்குங்கள்.