மரபணுக்களுக்குப் பொது மணிக்கூடு இல்லை: பூலியன் மாதிரிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் உயர்தரத்துக்குத் தர்க்கப் படலைகள் படித்துவிட்டு உயிரியல் ஆய்வுப் பக்கம் வரும் பிள்ளைகளுக்குப் பூலியன் மாதிரி முதல் நாளே பிடித்துப்போகும். மரபணு இயங்கினால் 1, அடங்கியிருந்தால் 0; ஒவ்வொரு படியிலும் மற்ற மரபணுக்களின் நிலையைப் பார்த்து விதிப்படி அதைப் புதுப்பிப்போம். 1969இல் உயிரியலாளர் ஸ்டூவர்ட் காஃப்மன் மரபணு வலைகளை இந்த எளிமையோடுதான் ஆராய்ந்தார். எனக்கும் இந்த முறை மிகவும் பிடிக்கும். அதனால்தான், கணக்கின் குணத்தைக் கலத்தின் குணம் என்று எழுதிவிடுவதைக் கண்டால் மனம் பதறுகிறது.

அப்படி நடப்பது பெரும்பாலும் நேர விஷயத்தில். வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் ஒடுங்கிய நடைபாதையில் இருவர் எதிரெதிரே வருகிறார்கள். ஒருவருக்கு வழிவிட மற்றவர் விலக, இருவரும் ஒரே பக்கம் விலகிவிடுகிறார்கள். மறுபடி மறுபக்கம். உண்மையில் இது இரண்டு மூன்று தரத்துக்கு மேல் நீளாது. யாராவது ஒருவர் அரை நொடி முந்திவிடுவார். ஒன்றையொன்று அடக்கும் இரண்டு மரபணுக்களும் இப்படித்தான். இரண்டையும் ஒரே நொடியில் புதுப்பித்தால் 00, 11, 00, 11 என்று முடிவில்லாமல் ஆடும். ஒவ்வொன்றாகப் புதுப்பித்துப் பாருங்கள், 01 அல்லது 10 இல் நின்றுவிடும். லாம்டா வைரசின் சிஐ, குரோ புரதங்கள் இப்படி ஒன்றையொன்று அடக்குபவை. ஒன்று வென்றால் வைரசு பாக்டீரியாவுக்குள் உறங்கும், மற்றது வென்றால் பெருகி அதை உடைத்து வெளியேறும். முன்னே சொன்ன ஆட்டத்தைப் பார்த்துவிட்டு "அலைவு கண்டேன்" என்று எழுதினால் அது பிழை. கலத்துக்குள் எல்லா மரபணுவுக்கும் பொதுவான மணிக்கூடு கிடையாது. 1973இலேயே உயிரியலாளர் ரெனே தோமா ஒத்திசையாப் புதுப்பிப்பை (ஒவ்வொன்றாகப் புதுப்பிப்பதை) முன்வைத்ததற்கும் இதுவே காரணம்.

நிலையான புள்ளிகள், அதாவது புதுப்பித்தாலும் மாறாத நிலைகள், இரண்டு முறையிலும் ஒன்றேதான். சந்தேகப்பட வேண்டியது சுழற்சிகளை. எல்லாச் சுழற்சியும் பொய்யுமல்ல. பி53 என்ற புரதம் எம்டிஎம்2 என்ற புரதத்தைத் தூண்ட, எம்டிஎம்2 பி53ஐ அடக்கும் வளையத்தை எந்த முறையில் ஓட்டினாலும் சுழற்சி நிலைக்கும். அப்புறம், ஒரு படி என்பது ஒரு நிமிடமல்ல. படிகளை எண்ணி மணிக்கணக்குச் சொல்லாதீர்கள்.

அடுத்தது, "உம்"மா "அல்லது"வா என்பதை ஊகித்துப் போடுவது. வலைப்படத்தில் இரண்டு அம்புகள் ஒரு மரபணுவில் முடிந்தால் அது விதியைச் சொல்லாது; இரண்டு உள்ளீட்டுக்கு 16 விதிகள் சாத்தியம். ஈ.கோலை பாக்டீரியாவில் லாக்டோசைச் செரிக்க உதவும் லாக் மரபணுக்கள் நன்றாக இயங்க லாக்டோசு இருக்கவும் வேண்டும், குளுக்கோசு இல்லாமலும் இருக்க வேண்டும். "அல்லது" போட்டால், லாக்டோசே இல்லாத கலம் வீணாக நொதி செய்யும். சரி, இரண்டு வெல்லமும் இருந்தால்? மரபணுக்கள் கொஞ்சமாக மட்டும் இயங்கும். அதை 0 என்பதா 1 என்பதா? 0க்கும் 1க்கும் இடையிலான வெட்டுப்புள்ளியைக் கொஞ்சம் மேலே கீழே நகர்த்திப் பார்க்காமல் முடிவை நம்பவேண்டாம். தேவைப்பட்டால் 0, 1, 2 என்று மூன்று நிலை வையுங்கள்.

2004இல் வெளிவந்த மதுவக் (ஈஸ்ட்) கலவட்ட மாதிரியில் 11 முனைகள், அதாவது 0 அல்லது 1 ஆகும் மாறிகள், ஆகவே 2048 நிலைகள். அவற்றில் 1764 ஒரே நிலையான புள்ளியில் போய்ச் சேரும். அழகான முடிவு. ஆனால் அதை "86 சதவீதக் கலங்கள் அங்கே இருக்கும்" என்று வாசிக்கக்கூடாது. எந்தக் கலமும் 2048இல் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்துத் தொடங்குவதில்லை.

மாதிரியைக் கட்டும்போது, மரபணு நீக்கிய சில கலவகைகளின் தரவை எடுத்து ஒளித்து வையுங்கள். கட்டி முடிந்தபின் அந்த மரபணுவை 0 ஆக்கி ஓட்டி, ஒளித்த தரவோடு ஒப்பிடுங்கள். விதிகளை எழுத உதவிய தரவிலேயே சோதித்தால் பொருந்தத்தான் செய்யும்.