ஜெனரிக் மாத்திரைக்கு மாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பிரஷருக்குக் கொடுத்த ஆம்லோடிபின் ஒரு கவரில். வீட்டுப் பக்கத்து மெடிக்கலில் வாங்கிய ஆம்லாங் இன்னொரு கவரில். பேரும் நிறமும் வேறு என்பதால் இரண்டையும் போட்டுக்கொள்ளும் பெரியவர்கள் வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் உண்டு. இரண்டும் ஒரே மருந்து: முன்னது உள்ளே இருக்கும் மருந்தின் பெயரிலேயே (மூலப்பெயர்) வரும், விலை குறைந்த ஜெனரிக்; பின்னது கம்பெனி வைத்த பிராண்ட் பெயர். இரண்டையும் போட்டால் அளவு கூடி கால் வீங்கும், எழுந்தால் தலை சுற்றும். அதற்குத் தனியாக இன்னொரு மாத்திரை கேட்டுப் போவார்கள். பணம் மிச்சமாவது அப்புறம், முதலில் நிறுத்த வேண்டியது இதைத்தான். வீட்டிலிருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பிராண்ட் பெயரைவிட மருந்தின் மூலப்பெயர் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்பது 2018 முதல் விதி (மூன்றும் அதற்கு மேலும் கலந்த மாத்திரைகளுக்கு விலக்கு உண்டு). அந்தப் பெயரையும் மி.கி. அளவையும் படித்தாலே பாதிக் குழப்பம் தீரும். இங்கிலீஷ் வராதென்றால் பேத்தியிடம் நீட்டுங்கள், நிமிஷ வேலை.

அளவுக்குப் பக்கத்தில் வரும் எஸ்.ஆர்., எக்ஸ்.எல். போன்ற எழுத்துகளைப் பலர் கவனிப்பதில்லை. மெட்ஃபார்மின் 500 வேறு, மெட்ஃபார்மின் எஸ்.ஆர். 500 வேறு. பின்னது மெல்ல மெல்லக் கரைவது. விலை குறைச்சல் என்று நீங்களாக ஒன்றுக்குப் பதில் மற்றதை வாங்காதீர்கள்.

"இதே மருந்து, கம்மி விலையில கொடுங்கண்ணே" என்று சீட்டை நீட்டினால் கடைக்காரர் தயங்குவது லாபத்துக்காக மட்டுமல்ல. சீட்டில் பிராண்ட் பெயர் எழுதியிருக்கும் ஷெட்யூல் ஹெச் மருந்துக்கு (டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கக்கூடிய வகை) வேறு தயாரிப்பைக் கொடுக்க, உள்ளே அதே மருந்தே இருந்தாலும், விதியில் இடமில்லை. அவரோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. டாக்டர் எழுதும்போதே கேளுங்கள்: "மூலப்பெயர்ல எழுதிக் கொடுங்க டாக்டர், மக்கள் மருந்தகத்துல வாங்கிக்கிறேன்." மக்கள் மருந்தகம் என்பது மத்திய அரசுத் திட்டத்தில் நடக்கும் ஜெனரிக் மருந்துக் கடை. வாய்விட்டுக் கேட்டால்தான் நடக்கும்.

"இதுக்கு ஜெனரிக் கிடையாதும்மா" என்று கடைக்காரர் எப்போதோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொள்வதும் தவறு. ஒரு மருந்தை ஒரே கம்பெனி மட்டும் விற்கும் உரிமையான காப்புரிமை முடிந்தால் நிலைமை தலைகீழ். எம்பாக்ளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரை ஒன்று 60 ரூபாய் போல விற்றது. 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்ததும் பல கம்பெனிகள் இறங்கின. 10 ரூபாய்க்குக் கீழேயும் கிடைத்தது. அதனால் அவ்வப்போது மறுபடி கேளுங்கள். மக்கள் மருந்தகத்தில் ஸ்டாக் இல்லாதது தமிழக அரசு 2025-ல் தொடங்கிய முதல்வர் மருந்தகத்தில் இருக்கலாம். மூலக்கடைக்கு பஸ் ஏறும் முன் ஒரு போன் போட்டுவிடுங்கள்.

சில மருந்துகளில் மட்டும் இந்தச் சுதந்திரம் இல்லை. வலிப்புக்கான ஃபெனிடாயின், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், தைராய்டு மாத்திரை ஆகியவை அளவு கொஞ்சம் பிசகினாலும் தொல்லை தருபவை. பிராண்டிலிருந்து ஜெனரிக்குக்கோ, ஒரு ஜெனரிக்கிலிருந்து இன்னொன்றுக்கோ மாறுவது டாக்டருக்குத் தெரிந்துதான் நடக்க வேண்டும். மாறிய பிறகு வார்ஃபரினுக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகம் பார்ப்பது), தைராய்டுக்குச் சில வாரம் கழித்து டி.எஸ்.ஹெச். (தைராய்டு ரத்தப் பரிசோதனை) எடுக்கச் சொல்வார். அந்த டெஸ்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.