ஈபிஆர், சிபிஆர் வால்வுகளை எப்போது, எப்படி செட் செய்வது

குளிர்பதன அமைப்பில் ஒரே கம்ப்ரஸரில் காய்கறி அறையும் அதைவிடக் குளிர்ந்த இறைச்சி அறையும் ஓடினால், சக்ஷன் பிரஷர் (கம்ப்ரஸர் வாயுவை உறிஞ்சும் பக்கத்து அழுத்தம்) இறைச்சி அறைக்கு ஏற்ற அளவுக்கு இறங்கிவிடும். காய்கறி அறையின் எவாபரேட்டர் (அறையைக் குளிர்விக்கும் காயில்) பிரஷரும் கூடவே இறங்காமல் பிடித்து வைப்பதுதான் ஈபிஆர் (எவாபரேட்டர் பிரஷர் ரெகுலேட்டர்) வால்வின் வேலை. அது நுழைவுப் பக்கப் பிரஷரை மட்டுமே பார்க்கும்; செட் அளவுக்குக் கீழே போகப்போக மூடும். சிபிஆர் (கிராங்க்கேஸ் பிரஷர் ரெகுலேட்டர்) நேர்மாறு. வால்வின் வெளியேறும் பக்கத்தில், அதாவது கம்ப்ரஸரை நோக்கிய பக்கத்தில், பிரஷர் ஏறினால் மூடி, கம்ப்ரஸர் மோட்டாரை ஓவர்லோடிலிருந்து காக்கும்.

1. அம்புக்குறி பார்த்து மாட்டுங்கள். பிரேசிங்குக்கு (குழாயைச் சூடாக்கிப் பற்றவைப்பதற்கு) முன் ஷ்ரேடர் கோரை (கேஜ் போர்ட்டின் உள்ளிருக்கும் சிறு வால்வை) கழற்றி, வால்வு உடம்பில் ஈரத்துணி சுற்றுங்கள்.

2. எக்ஸ்பான்ஷன் வால்வின் சூப்பர்ஹீட்டை (எவாபரேட்டரிலிருந்து வெளியேறும் வாயு, கொதிநிலையைவிட எத்தனை டிகிரி கூடுதல் சூடு என்பதை) முதலில் சரிசெய்யுங்கள். அது தவறாக இருந்தால் அடுத்த படி வீண்.

3. ஈபிஆர். பலர் சறுக்குவது இங்கேதான். அறை சூடாக இருக்கும்போது கேஜ் 45 பிஎஸ்ஐ காட்டும், வால்வு முழுக்கத் திறந்திருக்கும். ஸ்க்ரூவை இடப்பக்கம் எவ்வளவு திருப்பினாலும் முள் அசையாது. அசையவில்லையே என்று இன்னும் திருப்பி விட்டுப் போனால், மறுநாள் காய்கறி உறைந்து கிடக்கும். அதனால் அறை தன் வெப்பநிலையை நெருங்கும்வரை காத்திருங்கள். கேஜை ஈபிஆரின் நுழைவுப் பக்க போர்ட்டில் மாட்டுங்கள்; கம்ப்ரஸர் சக்ஷனில் மாட்டினால் இறைச்சி அறையின் பிரஷரைத்தான் படிப்பீர்கள். ஆர்-134ஏ வாயுவில் எவாபரேட்டர் 0 டிகிரியில் இருக்க 28 பிஎஸ்ஐ வேண்டும் (இறைச்சி அறையின் எவாபரேட்டர் மைனஸ் 10 என்றால் அங்கே 14 அளவில் இருக்கும்). வலப்பக்கம் திருப்பினால் பிரஷர் ஏறும். டான்ஃபாஸ் கம்பெனியின் ஈபிஆர் வால்வான கேவிபியில், 12 முதல் 22 வரையுள்ள சைஸ்களுக்கு ஒரு சுற்றுக்குச் சுமார் 0.45 பார், அதாவது ஆறரை பிஎஸ்ஐ. கால் சுற்று திருப்பி, முள் நிலைக்கும்வரை பொறுங்கள். இதற்கு டிஜிட்டல் கேஜ்தான் என் தேர்வு. முள் கேஜில் 2 பிஎஸ்ஐ வித்தியாசம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

4. சிபிஆருக்கு எதிர்ச் சூழல் வேண்டும்: டிஃப்ராஸ்ட் (எவாபரேட்டரில் படிந்த பனியை உருக்குவது) முடிந்த கையோடு, எவாபரேட்டர் சூடாக இருக்கும்போது. முதலில் இடப்பக்கம் நன்றாகத் தளர்த்துங்கள். கிளாம்ப் மீட்டரை மாட்டி, கம்ப்ரஸரை ஓடவிட்டு, கம்ப்ரஸரின் நேம்பிளேட்டில் போட்டிருக்கும் ஆம்பியரைத் தாண்டாதவரை மெதுவாக வலப்பக்கம் ஏற்றுங்கள். ரொம்பக் குறைத்து வைத்தால் அறை குளிர மணிக்கணக்காகும். வாயு குறைவு என்று நினைத்து சார்ஜ் ஏற்றிவிடாதீர்கள்.

பின்சேர்க்கை: கம்ப்ரஸர் நின்றதும் காய்கறி எவாபரேட்டரின் வாயு, குளிர்ந்த இறைச்சி எவாபரேட்டருக்குப் போய் திரவமாகச் சேரும். மறுபடி ஸ்டார்ட் ஆகும்போது அந்தத் திரவம் கம்ப்ரஸருக்கே வரும். இறைச்சி அறையின் சக்ஷன் லைனில் ஒரு என்ஆர்வி (ஒரே திசையில் மட்டும் ஓட விடும் நான்-ரிட்டர்ன் வால்வு) போடுங்கள்.