வீட்டுப் பறவைக்குத் துணை வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடையில் அட்டைப்பெட்டியில் போட்டுத் தந்த புதுப் பறவையை, வீட்டிலிருக்கும் பறவையின் கூண்டுக்குள் அன்றைக்கே விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. ஏனைய தவறுகளில் பெரும்பாலானவை இந்த அவசரத்தின் தொடர்ச்சியே.

வாங்குவதற்கு முன்பே கவனிக்க வேண்டியது சட்டம். பச்சைக்கிளி, முனியா போன்ற நம் நாட்டுப் பறவைகளைக் கூண்டில் வளர்ப்பதற்கு 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே அவற்றுக்குத் துணை தேடும் பேச்சுக்கே இடமில்லை. கன்யூர் கிளி போன்ற சில வெளிநாட்டு இனங்களை வைத்திருப்போர், 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அவற்றை மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

புதுப் பறவையைக் குறைந்தது 30 நாட்கள், இயன்றால் 45 நாட்கள், வேறொரு அறையில் தனியே வைத்திருக்க வேண்டும். பார்வைக்கு நன்றாகத்தானே இருக்கிறது என்று இதைத் தட்டிக்கழிப்பவர்கள், பறவைகள் நோயை வெளிக்காட்டாமல் மறைக்கும் இயல்புடையவை என்பதை மறந்துவிடுகிறார்கள். கிளிக் காய்ச்சல் எனப்படும் சிட்டகோசிஸ் கிருமியைச் சுமக்கும் பறவை, எந்த அறிகுறியும் இல்லாமலே அதைப் பரப்பக்கூடும். காய்ந்த எச்சம் தூசியாகக் காற்றில் கலந்து, மற்றப் பறவைகளுக்கு மட்டுமன்றி அதைச் சுவாசிக்கும் மனிதர்களுக்கும் நோயைத் தரும். ஒரே மின்விசிறியின் கீழ் இரண்டு கூண்டுகளை இரு மூலைகளில் வைத்துவிட்டு, தனிமைப்படுத்திவிட்டோம் என்று நினைப்பதில் பொருளே இல்லை. மதுரையில் செல்லூர், வில்லாபுரம் போன்ற பகுதிகளில் ஓர் அறையும் சமையற்கட்டுமாக உள்ள வரிசை வீடுகளில் இருப்போருக்கு இது சிரமம்தான் என்பது தெரிந்ததே. அப்படிப்பட்டவர்கள், பறவை வளர்க்காத உறவினர் வீட்டில் புதியதை ஒரு மாதம் விட்டுவைப்பதே நல்லது.

இந்த நாட்களில் முதலில் பழைய பறவைக்கும் அதன் பின்னரே புதியதற்கும் தீனி வைத்து, சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தையோ உட்காரும் குச்சியையோ மாற்றிப் பயன்படுத்தக் கூடாது. நகை எடை பார்ப்பதைப் போன்ற சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால், காலையில் தீனி வைக்குமுன் பறவையை நிறுத்துக் குறித்துக்கொள்ளலாம். சிறு கிளியினமான பட்ஜரிகர் வளர்ந்தபின் ஏறத்தாழ 30 முதல் 40 கிராமும், கொண்டையுள்ள கிளியினமான காக்டெயில் 80 முதல் 100 கிராமும் இருக்கும். தினையைக் கொறித்துக்கொண்டே இருந்தாலும் உமி மட்டும் சிதறி எடை குறைந்துகொண்டே போகும் பறவையும், சிறகை உப்பிக்கொண்டு பகலில் தூங்கி வழியும் பறவையும், மூச்சுக்கு மூச்சு வால் ஆடும் பறவையும் உடனே மருத்துவரிடம் போக வேண்டியவை.

வாங்கும் காலத்தையும் பலர் யோசிப்பதில்லை. மதுரையில் சித்திரை, வைகாசி மாதங்களில் வெயில் 40 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையாது. இடம் மாறிய பயத்தில் சரியாகத் தின்னாத பறவையை, மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் தனிமைப்படுத்துவது அதைக் கொல்வதற்குச் சமம். தேனியிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ பேருந்தில் கொண்டுவருவோர் விடியற்காலை வண்டியைப் பிடிப்பது நல்லது. தீபாவளியை ஒட்டியும் வாங்க வேண்டாம். காக்டெயில் இருட்டில் திடீர்ச் சத்தம் கேட்டால் மிரண்டு, கம்பிகளில் மோதிக் காயப்படுத்திக்கொள்ளும் பறவை. புது இடத்தில் அதற்கு இரவு முழுவதும் ஒரு சிறிய விளக்காவது எரிய வேண்டும்.

தனிமைக் காலம் முடிந்ததும் கூண்டுகளைப் பக்கத்தில் வைக்கலாம், ஆனால் ஒட்டி வைக்கக் கூடாது. கம்பியைப் பற்றி நிற்கும் பறவையின் விரலை அடுத்த கூண்டிலிருந்து அலகால் கவ்வ, ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸுக்கு ஒரு நொடி போதும். கவ்விய விரல் துண்டாகிப் போவதும் உண்டு. அரை அடி இடைவெளி விட்டு, இரண்டும் ஒரே நேரத்தில் பதற்றமின்றித் தின்னத் தொடங்கும் வரை சில நாட்களாவது காத்திருக்க வேண்டும். அதன் பிறகும் பழைய கூண்டில் புதியதை விடாமல், இரண்டுக்குமே பழக்கமில்லாத பெரிய கூண்டு ஒன்றில், நாம் அருகிலிருந்து பார்க்கும்போது மட்டும் சேர்த்து விட வேண்டும். இரு கோடிகளிலும் தீனிக் கிண்ணமும் தண்ணீரும் இருக்கட்டும். ஒரே கிண்ணம் வைத்தால் வலியது அதன் மேலேயே உட்கார்ந்துகொள்ளும், மற்றது பட்டினி கிடக்கும்.

மண்பானையை முதல் நாளே தொங்கவிடுவது நம் பக்கத்தில் மிகுதியாகக் காணப்படும் தவறு. முட்டையிட இடம் கிடைத்துவிட்டால் பெண் பட்ஜரிகர் அதற்காக உயிரைக் கொடுத்துச் சண்டையிடும். இரண்டும் பெண்ணாக இருந்தால் ஒன்று இரத்தக் காயத்தோடு கீழே கிடக்க நேரலாம். வளர்ந்த பட்ஜரிகரின் அலகுக்கு மேலுள்ள மூக்குப் பகுதி ஆணுக்கு நீலமாகவும் பெண்ணுக்குப் பழுப்பாகவும் இருப்பது வழக்கம் என்பதால், வாங்கும்போதே பார்த்துவிடலாம். ஆனால் சில நிற வகைகளில் இந்த அடையாளம் ஏமாற்றிவிடும். பட்ஜரிகரையும் ஆப்பிரிக்கன் இனத்தையும் லவ் பேர்ட்ஸ் என்ற ஒரே பெயரில் விற்கும் கடைகள் உண்டு. இவற்றை ஒரே கூண்டில் அடைத்தால் சாதுவான பட்ஜரிகரே பலியாகும்.

புதியது வந்ததும் பழையதைக் கவனிக்காமல் விடுவதும் சண்டையை வளர்க்கும். காலையில் முதலில் பேச்சுக் கொடுப்பதும் முதல் கீரைத் தண்டை நீட்டுவதும் பழைய பறவைக்கே என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றையொன்று சிறகு கோதிவிடுவதும் ஒரே குச்சியில் அருகருகே உறங்குவதும் இணக்கத்தின் அடையாளங்கள். வாய் பிளந்து பாய்வதும், காலைக் குறிவைத்துக் கொத்துவதும், துரத்துவதும் தொடர்ந்தால் உடனே பிரித்துவிட வேண்டும். சில பறவைகள் கடைசி வரை சேராமலேயே போகலாம். அதனால் இரண்டாவது கூண்டை விற்றுவிடாமல் வைத்திருங்கள். தனித்தனிக் கூண்டுகளில் எதிரெதிரே இருந்து ஒன்றுக்கொன்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தாலே, அதுவும் அவற்றுக்கு ஒரு துணைதான்.